ஒற்றைக் கொம்பு

டிசம்பர் முப்பத்தொன்று, ராத்திரி பத்தரைக்கே
சட்டத்தில் மை ஊற்றிவிட்டார் தஸ்தகீர் பாய்.

சட்டம் என்றால் எங்களுக்கு
நைலான் துணி இழுத்துக் கட்டிய மரச்சட்டம்.
இன்னொரு சட்டமும் உண்டு என்று
ஏழு வருஷத்துக்கு முன்னால்தான் தெரிந்தது:
டெல்லி வக்கீலும் உள்ளூர்ப் போலீசும்
ஒரே ஜீப்பில் லாங்கு பஜாருக்குள் நுழைந்து
அறுபத்து நாலு டஜன் பள்ளிக்கூடப் பைகளை
எண்ணி எடுத்துப்போன மத்தியானம்.

பைக்குப் பை கிம்பு ஆடு.
சிவப்பு மப்ளர், வெள்ளைக் கையுறை,
கன்னம் கொள்ளாத சிரிப்பு.
எந்த தேசத்து ஆடு, யார் வளர்த்தது, யாருக்குத் தெரியும்?
பேர்ணாம்பட்டு வியாபாரி கொண்டுவந்த
டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து
டிரேசிங் எடுத்தவன் நான்.

இப்போது கெடு முடிந்துவிட்டது.
ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை என்று
ஏற்கெனவே பேரெடுத்த ஊரில்
ஆட்டுக்கும் இனி ஆள் இல்லை.
பாய் ஆற்காட்டிலிருந்து மக்கன்பேடா வரவழைத்தார்.

ஜனவரி இரண்டு. சத்துவாச்சாரி கோர்ட்.
பழைய பைகளைக் கேட்டுப் போனோம்.
எழுத்தர் சம்பூரணம்
பதிவேட்டில் விரல் வைத்தபடியே சொன்னார்:
"அன்னைக்குப் பண்ணது அன்னைக்குத் தப்பு."
பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு,
"எலி எப்பவோ தீர்ப்பு சொல்லிடுச்சு, பாய்."

வெளியே புங்கமரத்தடியில் எங்கள் வக்கீல்
மீதியை விளக்கினார்.
விடுதலை ஆனது முதல் படத்து ஆடு மட்டும்.
கறுப்பு வெள்ளை. ஒல்லி.
மப்ளர் பின்னால் வந்தது, கையுறை அதற்கும் பின்னால்,
சிரிப்பு யுத்தம் முடிந்த பிறகு.
அவற்றுக்கெல்லாம் இன்னும் வருஷம் இருக்கிறது.
பெயர் வர்த்தக முத்திரை, அதைத் தொடவே கூடாது.
ஆக எங்களுக்குக் கிடைத்தது
பெயரில்லாத, குளிருக்குத் துணியில்லாத,
எதிரே வருகிறவனை முட்டுகிற
ஒரு கோபக்கார ஆடு.

அதையும் அடித்தோம்.
எல்லோரும் அடித்தார்கள்.
பொங்கலுக்குள் பஜார் முழுக்க அதே முறைப்பு,
தண்ணீர் பாட்டிலில், கைக்குட்டையில்,
குடியாத்தம் லுங்கி ஒன்றின் ஓரத்தில்கூட.
டஜன் தொள்ளாயிரத்துக்குப் போன பை
ஐந்நூற்று நாற்பதுக்கு இறங்கியது.
ஒரு சின்னப்பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இது டூப்ளிகேட்" என்றாள்.
அசலுக்கும் அசல், முதல் அசல் இதுதான் என்று
ஆறு வயசிடம் எப்படிச் சொல்ல?
அவள் அம்மா படமே இல்லாத பையை வாங்கிப் போனாள்.

மாசியில் ஒருநாள் மை காய்ந்து
சட்டத்தில் இடது கொம்பு அடைத்துக்கொண்டது.
இருபது பை வரை கவனிக்கவில்லை.
கவனித்தபோது, கொம்பு போன இடத்தில்
ஒரு பிளாஸ்திரி வரைந்தேன், கூட்டல் குறி மாதிரி.
வேலூரில் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்?
முகத்தில் அதே கோபம்தான்,
ஆனால் இப்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது.
ஓடியது.
காட்பாடியிலிருந்தெல்லாம் ஆள் வந்து
பிளாஸ்திரி ஆடு இருக்கிறதா என்று கேட்டார்கள்.
பாய் கடன் ஒன்றை அடைத்தார்.

பங்குனி வெயில். ஆரணி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
முன்னால் ஒரு பையன், முதுகில் பை.
ஒற்றைக் கொம்பு. பிளாஸ்திரி.
கூட்டல் குறியின் கீழ்க்கால் சற்றே கோணல்,
என் கைநடுக்கம் உட்பட.
தையல் எங்களது இல்லை. ஜிப் எங்களது இல்லை.
அடிவயிற்றில் குபுகுபுவென்று ஏதோ எரிந்தது.
எவன் அவன்? யாரைக் கேட்டு?

கண்ணமங்கலம் பஸ்ஸில் பையன் ஏறினான்.
என் பஸ் அது இல்லை. நானும் ஏறினேன்.
"எங்க போகணும்?" என்ற கண்டக்டருக்கு
கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டிக் காட்டினேன்:
"அதோ, அந்த ஆடு எங்க இறங்குதோ, அங்க."